பெற்றோல் ஜெனரேற்றர் காஸில் ஓடுமா?

மின்சாரம் நின்று இரண்டு மணித்தியாலம் கடந்திருந்தது. விசுவமடுப் பக்கத்தில் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்க்கும் ஒரு சகோதரியின் வீட்டு விறாந்தையில் அமர்ந்திருந்தோம். மூலையில் சாக்கால் மூடப்பட்டு ஒரு பெற்றோல் ஜெனரேற்றர் இருந்தது. சீட்டுக் காசில் வாங்கியது. பெற்றோல் விலைக்குப் பயந்து அதைத் தொடுவதேயில்லை என்றார். பிறகு தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்.

"அக்கா, இதைக் காஸில ஓட வைக்கலாம் எண்டு கராஜ் பொடியன் சொல்லுறான். செய்யலாமோ? வெடிச்சுக் கிடிச்சுப் போகாதோ?"

இதே கேள்வியை வேறு இடங்களிலும் சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். கோழிக்குஞ்சு வளர்ப்பவர், மா அரைக்கும் மிசின் வைத்திருப்பவர், ஐஸ் பழம் விற்பவர் என்று பலருக்கும் இந்த யோசனை இருக்கிறது. ஆகவே இம்முறை இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஓடுமா என்று கேட்டால், ஓடும். ஆனால் எந்த எஞ்சின் ஓடும், எதைப் பூட்ட வேண்டும், கணக்குக் கட்டுமா என்பவற்றைத் தெரிந்துகொள்ளாமல் காசை இறக்கக் கூடாது. இன்னுமொரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. புகை எங்கே போகும்? உயிரை எடுப்பது பெரும்பாலும் அதுதான்.

எஞ்சினுக்குச் சாப்பாட்டை மாற்றிக் கொடுப்பது வன்னி மக்களுக்குப் புதிய வேலையல்ல. 1990 முதல் 2002 இன் தொடக்கம் வரை பொருளாதாரத் தடை இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பெற்றோலைக் கண்ணால் காண்பதே அரிது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெயை ஊற்றி, திரியைச் செருகி எரித்த விளக்கில்தான் ஒரு தலைமுறையே படித்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். மோட்டார் சைக்கிளும், பழைய மொறிஸ் மைனரும், ஏ40 காரும், வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மிசினும் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைக் கண் போலக் காத்து வைத்திருந்து, ஸ்ராட் பண்ண மட்டும் சில துளி விட்டு, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி விடுவார்கள். வெள்ளைப் புகையும் கண் எரிவும் இப்போதும் நினைவில் வரும்.

அந்த வித்தை ஏன் அவ்வளவு தொல்லை தந்தது என்று விளங்கினால், காஸ் விடயம் பாதி விளங்கிவிடும். பெற்றோல் எஞ்சினுக்கு எரிபொருள் ஆவியாகிக் காற்றோடு கலந்து வர வேண்டும். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால்தான் எஞ்சின் சூடேறும் வரை பெற்றோல் தேவைப்பட்டது. ஆவியாகாத மிச்சம் சிலிண்டர் சுவரால் வழிந்து எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் தண்ணீராகிப் போகும், எஞ்சின் தேயும். பாரம் கூடினால் "டங் டங்" என்று தட்டும் சத்தமும் வரும். காஸ் இதற்கு நேர் எதிரானது. அது வரும்போதே ஆவியாகத்தான் வருகிறது. ஒயிலைக் கழுவாது, பிளக்கில் கரி படியாது, தட்டும் சத்தமும் இல்லை. பெற்றோலைத் தாங்கிக்குள் மாதக் கணக்கில் விட்டால் பிசினாகிக் காபரேற்றரை அடைத்துவிடும். காஸ் சிலிண்டரில் ஒரு வருடம் கிடந்தாலும் பழுதாகாது. எப்போதாவது மாத்திரம் ஓட்டும் ஜெனரேற்றருக்கு இது ஒரு பெரிய வசதி.

உலகத்திலும் இது பழைய கதைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் போனபோது ஐரோப்பாவில் இலட்சக்கணக்கான வாகனங்கள் விறகு வாயுவில் ஓடின. தமிழ்நாட்டில் கரி பஸ் ஓடியது. பஸ்ஸின் பின்னால் ஓர் இரும்புப் பீப்பா. அதற்குள் கரியை எரித்து, காற்றுச் சக்கரத்தைக் கையால் சுற்றி, வரும் வாயுவை எஞ்சினுக்குக் கொடுப்பார்கள். அந்த வாயுவில் எரியும் பகுதியில் பெரும் பங்கு காபனோரொட்சைட்டு. அந்தப் பெயரை மனதில் வைத்திருங்கள். பின்னால் மறுபடி வரும்.

இனி எந்தக் காஸ் என்று பார்ப்போம். வெளிநாடுகளில் ஜெனரேற்றரைக் காஸுக்கு மாற்றுகிறார்கள் என்றால் பெரும்பாலும் வீட்டுக்குக் குழாயில் வரும் இயற்கை வாயுவைத்தான் சொல்கிறார்கள். புயலடித்துக் கரண்ட் போனாலும் நிலத்தடிக் குழாயில் வாயு வந்துகொண்டிருக்கும், அதில் ஓட்டுவார்கள். எங்களுக்கு அந்தக் குழாய் இல்லை. 2011 இல் மன்னார்க் கடற்படுக்கையில் தோண்டிய கிணறுகளில் இயற்கை வாயு இருப்பது கண்டறியப்பட்டது. அது இன்னும் எந்த அடுப்புக்கும் வந்து சேரவில்லை. எதிர்க்கரையில், இராமநாதபுரம் மாவட்டத்து வழுதூரில், நிலத்திலிருந்து எடுக்கும் இயற்கை வாயுவில் ஒரு மின் நிலையமே ஓடுகிறது. இடையில் இருப்பது ஒரு சின்னக் கடல்தான். ஆனாலும் எங்களுக்குக் கிடைப்பவை இரண்டு: கடையில் வாங்கும் சமையல் காஸ் சிலிண்டர், மாட்டுச் சாணத்திலிருந்து வரும் சாண எரிவாயு.

மூன்றும் எரியும் வாயுக்கள்தான். ஆனால் ஒன்றுக்குப் பூட்டியதை அப்படியே மற்றதற்குப் பாவிக்க முடியாது. சமையல் காஸ் ஒரு பங்குக்கு ஏறக்குறைய 30 பங்கு காற்று வேண்டும். இயற்கை வாயுவுக்குப் பத்துப் பங்கு போதும். சாண எரிவாயுவுக்கு ஆறு பங்கு. ஆகவே வாயு வரும் துவாரம் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அளவு. பலமும் மாறும். பெற்றோலில் ஓடும்போது தரும் பலத்தில் சமையல் காஸில் பத்தில் ஒரு பங்கு குறையும், இயற்கை வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு குறையும், சாண எரிவாயுவில் கிட்டத்தட்டப் பாதிதான் மிஞ்சும்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் எஞ்சின் எந்த இனம் என்று பாருங்கள். பெற்றோலையும் ஒயிலையும் கலந்து ஊற்றும் சின்ன ஜெனரேற்றர் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. கையில் தூக்கிக்கொண்டு போகலாம், விலையும் குறைவு. அது இரண்டு அடி எஞ்சின். அதைக் காஸுக்கு மாற்றக் கூடாது. பெற்றோலோடு கலந்து வரும் ஒயில்தான் அதன் உள்ளுறுப்புகளுக்கு வழுவழுப்புத் தருவது. காஸில் ஒயில் வராது. சில மணித்தியாலத்திலேயே இறுகிப் போய்விடும். டீசல் எஞ்சினுக்குப் பிளக் இல்லை. அதையும் இந்த முறையில் மாற்ற இயலாது. ஒயிலைத் தனியாக ஊற்றி, பெற்றோலைத் தனியாக ஊற்றும் நாலு அடி எஞ்சின் மட்டும்தான் இதற்குப் பொருந்தும். விசுவமடுச் சகோதரியின் ஜெனரேற்றர் இந்த வகைதான். பார்த்ததும் எமக்கும் ஒரு நிம்மதி.

பூட்டும் விதத்தைச் சொல்கிறேன். நீங்களே செய்வதற்காக அல்ல. செய்பவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்து, குறுக்கே கேள்வி கேட்பதற்காக. "பொம்பிளையளுக்கு இது விளங்காது" என்று சொல்லிச் சும்மா ஒரு குழாயைச் செருகிவிட்டுக் காசு வாங்கிப் போவோரும் இருக்கிறார்கள்.

சிலிண்டரின் தலையில் அடுப்புக்குப் பூட்டும் றெகுலேற்றர் இருக்கும். அது சிலிண்டருக்குள் இருக்கும் பெரிய அமுக்கத்தைக் குறைத்து விடுகிறது. அதிலிருந்து காஸ் குழாய் வரும். அந்தக் குழாயை நேரே எஞ்சினின் காற்று வாய்க்குள் செருகினாலும் எஞ்சின் ஓடும். அதுதான் பொறி. ஏதோ காரணத்தால் எஞ்சின் நின்றுவிட்டால் அடுப்பு றெகுலேற்றர் நிற்காது. காஸ் வந்துகொண்டே இருக்கும். சூடான எஞ்சினைச் சுற்றிக் காஸ் தேங்கும். பிறகு நீங்கள் வந்து ஸ்ராட் கயிற்றை இழுப்பீர்கள். ஆகவே நடுவில் இரண்டாவது றெகுலேற்றர் ஒன்று கட்டாயம் வேண்டும். குழந்தை உறிஞ்சினால் பால் வருவது போல, எஞ்சின் உறிஞ்சினால் மட்டும் அது திறக்கும். உறிஞ்சல் நின்ற கணமே மூடிவிடும். ஜெனரேற்றரைக் காஸுக்கு மாற்றும் பெட்டி என்று விற்பதில் முக்கியமான சாமான் இதுதான். "இதுக்குள்ள எஞ்சின் நிண்டா மூடுற றெகுலேற்றர் இருக்கோ?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் திரும்பி வந்துவிடுங்கள்.

அதிலிருந்து வரும் குழாய், காற்று வடிக்கும் காபரேற்றருக்கும் நடுவில் பூட்டும் ஒரு வளையத்துக்குப் போகும். அந்த வளையத்துக்குள் காஸும் காற்றும் கலக்கின்றன. கலவையைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும். பாரத்தோடு ஓடவிட்டுத்தான் அதைச் சரிசெய்ய வேண்டும்; சும்மா ஓடும்போது சரிசெய்தால் மிசினைப் போட்டதும் நின்றுவிடும். முதன்முறை காஸில் ஸ்ராட் பண்ணுவதற்கு முன் பெற்றோல் திறப்பை மூடி, காபரேற்றருக்குள் இருக்கும் பெற்றோல் முழுவதும் எரிந்து எஞ்சின் தானாக நிற்கும் வரை விடுங்கள். இரண்டும் சேர்ந்து போனால் கறுப்புப் புகைதான் வரும்.

சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். சரித்தால் காஸுக்குப் பதிலாகத் திரவம் குழாய்க்குள் வரும். எஞ்சினிலிருந்து எட்டவும், புகைக்குழாய் பார்க்காத பக்கமாகவும் வைக்க வேண்டும். மூட்டுகள் எல்லாவற்றிலும் சவர்க்கார நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நெருப்புக்குச்சி கொண்டு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பக்கத்தில் விடாதீர்கள். 2021 நவம்பர், டிசெம்பர் மாதங்களில் நாடு முழுவதும் குசினிகளில் காஸ் அடுப்புகள் வெடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சிலிண்டருக்குள் கலவையின் விகிதம் மாறியிருந்ததும், கசிவை மணத்தால் அறிய முடியாமல் போனதும் அப்போது பெரிதாகப் பேசப்பட்டன. மூக்கை மட்டும் நம்பி இருக்காதீர்கள். சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது. மேலே போகாது. நிலத்தோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். கிணற்றடியில் சிலிண்டரை வைத்துத் தண்ணீர் இறைக்க நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கசிந்த காஸ் கிணற்றுக்குள்தான் இறங்கி இருக்கும்.

சரி, கணக்குக் கட்டுமா? 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றில் இருக்கும் வெப்பம் ஏறக்குறைய 17 லீற்றர் பெற்றோலுக்குச் சமன். குழாயில், கலவையில் போகும் நட்டத்தைக் கழித்து 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் விலையை 16 ஆல் வகுத்துப் பாருங்கள். வருவது ஒரு லீற்றர் பெற்றோல் விலையை விடக் குறைவென்றால் காஸ் இலாபம். கூடவென்றால் நட்டம். அவ்வளவுதான். ஓர் உதாரணம்: 2022 மே மாத இறுதியில் பெற்றோல் லீற்றர் 420 ரூபாய், சிலிண்டர் 4,860 ரூபாய். வகுத்தால் ஏறத்தாழ 304 ரூபாய். காஸ் இலாபம் என்று கணக்குச் சொல்லும். ஆனால் அந்த நாட்களில் காஸுக்கும் வரிசை, பெற்றோலுக்கும் வரிசை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை. சிலிண்டரை உருட்டிக்கொண்டு விடியப்புறம் போய் நின்று வெறுங்கையோடு வந்தவர்களுக்கு இலாபக் கணக்கு எதற்கு? மண்ணெண்ணெய்யை நம்பி இருந்தவர்கள் நிலை அதைவிட மோசம். அதே வருடம் ஓகஸ்டில் 87 ரூபாய் ஒரே நாளில் 340 ஆகியது. ஒரே எரிபொருளை நம்பி இருப்பது எவ்வளவு ஆபத்தென்று அந்த வருடம் காட்டியது. பெற்றோலிலும் ஓடும், காஸிலும் ஓடும் என்று இருவழியையும் வைத்திருப்பதில்தான் இந்த மாற்றத்தின் உண்மையான பயன் இருப்பதாக எமக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. ஒரு கிலோ காஸ் ஒரு சின்ன ஜெனரேற்றரில் இரண்டு அலகு மின்சாரம் தரும். ஒரு சிலிண்டரில் 25 அலகு கிடைத்தால் நல்லது. அதுவும் நல்ல பாரம் இருந்தால்தான். இரண்டாயிரம் வற் ஜெனரேற்றரைப் போட்டு ஒரு மின்குமிழையும் தையல் மெசின் மோட்டாரையும் மட்டும் ஓட்டினால், எஞ்சின் தன்னைத் தானே சுற்றுவதற்கே பெரும்பகுதி எரிபொருளைக் குடித்துவிடும். லொறியில் ஏறிப் போய் ஒரு கட்டுக் கீரை வாங்கி வருவது போன்றது அது.

சாண எரிவாயுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டி மாடு வைத்திருக்கும் சகோதரிகள் பலர் இருக்கிறீர்கள். ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்துக் கிலோ அளவில் சாணம் போடும். ஒரு கிலோவிலிருந்து ஏறக்குறைய 40 லீற்றர் வாயு. நாலு மாட்டின் சாணம் முழுதும் கிடைத்தால் 1,600 லீற்றர், அதாவது 1.6 கன மீற்றர். ஓர் ஐந்து பேர் குடும்பத்தின் சமையலுக்கு இது போதும். மூன்று கிழமைக்கு ஒரு சிலிண்டர் மிச்சம் என்று கணக்கிடலாம். அதே வாயுவை ஜெனரேற்றருக்குக் கொடுத்தால் இரண்டு அலகு மின்சாரம்தான் வரும். எம்மைக் கேட்டால், அடுப்புக்கே கொடுங்கள். விறகு பொறுக்கும் நேரமும் குசினிப் புகையும் மிச்சம். கழிவுச் சாணம் நல்ல பசளை. பத்து, இருபது மாடு கட்டி வளர்க்கும் பண்ணை என்றால் எஞ்சினைப் பற்றி யோசிக்கலாம். எங்கள் மாடுகள் பகலில் மேய்ச்சலுக்குப் போய்விடும். பட்டியில் கிடைப்பது இரவுச் சாணம் மாத்திரம். கணக்கில் பாதியைக் கழித்துவிடுங்கள். அழுகிய முட்டை மணம் வரும் வாயு ஒன்றும் அதில் கலந்திருக்கும். அது இரும்பை அரிக்கும். துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பிய குழாய்க்குள்ளால் விட்டால் அது பிடிபட்டுவிடும். சாண எரிவாயுவைக் காஸ் சிலிண்டருக்குள் அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டில் செய்யும் வேலை அல்ல அது.

இனிப் புகைக்கு வருவோம். எந்த எஞ்சினின் புகையிலும் காபனோரொட்சைட்டு இருக்கும். நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உள்ளே போனால் இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலையிடி, தலைச்சுற்று, வயிற்றைப் பிரட்டல். சாப்பாடு சரியில்லை என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். படுத்தவர் எழும்ப மாட்டார். காஸில் ஓடும்போது கறுப்புப் புகையும் இல்லை, பெற்றோல் மணமும் இல்லை. அதனால் ஆபத்தும் இல்லை என்று எண்ணி ஜெனரேற்றரை உள்ளே கொண்டுவந்து விடுகிறார்கள். கலவைத் திருகு கொஞ்சம் கூடிப் போனால் காஸிலும் அந்த நஞ்சு தாராளமாக வரும்.

எப்போது உள்ளே கொண்டு வருகிறோம்? மழை வரும்போது. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியது போன்ற நாட்களில்தான் கரண்டும் இருக்காது, ஜெனரேற்றரை நனைய விடவும் முடியாது. விறாந்தையில், பத்தியில், குசினி வாசலில் வைப்போம். களவு போகும் என்ற பயத்திலும் உள்ளே வைப்போம். தனியாகப் பிள்ளைகளோடு இருக்கும் பெண்ணுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். என்றாலும் வீட்டிலிருந்து இருபது அடி தள்ளி, யன்னலைப் பார்க்காமல் புகைக்குழாய் இருக்க வேண்டும். மேலே நாலு தகரம் போட்ட, சுவரில்லாத கொட்டில் போதும். களவுக்குப் பயமென்றால் மரத்தோடு சங்கிலி போடுங்கள்.

கிணறு இதைவிடக் கொடியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் முல்லைத்தீவுக் கரையோரத்தில் கிணறு இறைத்தோம். போர் முடிந்து ஊர் திரும்பியபோதும் முதல் வேலை கிணறு இறைப்பதுதான். தண்ணீர் ஆழத்தில் என்றால் இறைக்கும் மிசினைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடும் வழக்கம் உண்டு. புகை மேலே வராமல் அடியிலேயே நிற்கும். துப்புரவாக்க இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழ, ஒரே வீட்டில் இரண்டு சாவு என்ற செய்திகளை எத்தனை தடவை படித்திருக்கிறோம். மிசினை மேலே வைத்துத்தான் இறைக்க வேண்டும். உறிஞ்சு குழாய் எட்டாத ஆழம் என்றால் மின்சாரத்தில் ஓடும் நீர்மூழ்கி மோட்டாரைக் கீழே இறக்கி, ஜெனரேற்றரைத் தூரத்தில் வையுங்கள். யாராவது விழுந்துவிட்டால் பின்னால் இறங்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, ஆட்களைக் கூப்பிட்டு, 1990 அம்புலன்ஸை அழையுங்கள். வீட்டுக்குள் மயக்கம் என்றால் முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள்.

வயர் பற்றியும் ஒரு சொல். ஜெனரேற்றரை வீட்டுப் பிளக் ஓட்டைக்குள் இரு தலை வயரால் செருகி வீடு முழுவதற்கும் கொடுப்பார்கள். அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய், அங்கே வேலை செய்யும் மின்சார சபைத் தொழிலாளியைக் கொல்லலாம். கரண்ட் திரும்பி வரும்போது ஜெனரேற்றரும் எரியும். இரு பக்கத்துக்கும் மாற்றும் சுவிட்சைப் பூட்டுங்கள். இல்லையேல் தனி வயரில் மிசினுக்கு மட்டும் கொடுங்கள்.

விசுவமடுச் சகோதரியோடு இருந்து கணக்குப் போட்டோம். அவருடைய தையல் மோட்டாருக்கு நூறு வற் போதும். மின்குமிழ் பத்து வற். இதற்காக ஜெனரேற்றரைக் காஸில் ஓட்டினாலும் நட்டம்தான் என்று கடதாசியில் அவரே கண்டுபிடித்தார். மா அரைக்கும் மிசின் ஒன்றை அயலில் இரண்டு பேரோடு சேர்ந்து வாங்கும் எண்ணம் அவருக்கு இருக்கிறது. அது வந்தால் பாரம் கூடும், அப்போது காஸ் பெட்டி பூட்டலாம் என்று முடிவு செய்தார். அதுவரைக்கும் மோட்டாரைக் கழற்றிவிட்டு, பரணில் கிடந்த பழைய மிதி பலகையைத் தையல் மெசினுக்குத் திரும்பப் பூட்டப் போகிறாராம்.

நாம் புறப்படும்போது, மூத்த மகனும் அவரும் ஜெனரேற்றரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து விறாந்தையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். கிணற்றடியைத் தாண்டி, வேலியோரப் பூவரச மரத்தடிக்குக் கொண்டு போனார்கள். "தகரம் நாலு கிடக்குது, நாளைக்குப் போடுவம்" என்றான் மகன்.